பேராச்சியைக் கேட்ட ஓலைக்கு மறுமொழி

கடல் தன் கரையைத் தாண்டாதிருக்க, மழை தன் மாதத்தை மறவாதிருக்க, மிளகுக்கொடி தான் பற்றிய மரத்தைக் கைவிடாதிருக்க, இரு நாட்டுக் குடிகளும் வாழ்க.

வெண்சங்கக் கொடியுடையவரும், ஏழு துறைகளின் காவலரும், அலைக்கு முதுகு காட்டாத மரபில் வந்தவருமாகிய நீர்வாயில் நாட்டு மன்னர் நெடுந்திரைக்கோவின் திருவாய்மொழிப்படி, அவருடைய தலைமை அமைச்சன் எயினவேளான் எழுதுவிக்கும் இவ்வோலை, யானைக் கொடியுடையவரும், மேகம் தங்கும் முடிகளுக்கும் மிளகு விளையும் சரிவுகளுக்கும் உரியவருமாகிய செங்குன்ற நாட்டு மன்னர் மாவரைக்கோவின் திருமுன் வாசிக்கப்படுவதாக. தங்கள் பட்டத்தரசியாரும் இளங்கோக்களும், கோட்டையும் குடிபடையும் நலமென்று நம்புகிறோம். இங்கே மன்னர் நலம். பல்வலி ஒன்று மட்டும் பத்து நாளாக விடவில்லை. தாங்கள் முன்பு அனுப்பிய கிராம்புதான் இப்போது அரண்மனையின் முதல் மருந்து.

தங்கள் ஓலை மார்கழித் திங்கள் நான்காம் நாள் வந்து சேர்ந்தது. சபையில் அது வாசிக்கப்பட்டபோது, காய்ந்த சட்டியில் கடுகு வெடிப்பது போலச் சொற்கள் வெடித்தன. ஆற்றுமுகத்தில் வழிக்கம்பு ஒன்றை விட்டுவைத்துப் பறங்கியர் கப்பலுக்கு வழி காட்டியவள் எங்கள் துறையில் ஆழம் பார்க்கும் பேராச்சி என்றும், அக்கப்பல் உடைந்தபின் மூழ்கியவர்களை வாரியெடுத்து உயிர்ப்பிச்சை கொடுத்தவளும் அவளே என்றும், இது நட்பு நாட்டுக்குச் செய்த இரண்டகம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கையில் விலங்கிட்டு அவளை அனுப்பும்வரை மலையிலிருந்து ஆற்றில் ஓர் இலைகூட இறங்காது என்றும் முடித்திருக்கிறீர்கள். ஆத்திரத்தில் எழுதியது என்று அமைச்சன் அறிவான். அவனுக்கும் ஆத்திரம் உண்டு. ஆனால் அவனுக்கு அறுபத்தெட்டு வயது, எழுந்து நின்று கத்துவதற்குள் பாதி ஆறிவிடுகிறது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்ல இடம் கொடுக்க வேண்டுகிறான்.

பேராச்சி சொன்னவற்றை ஓலைநாயகம் செந்தமிழில் திருத்தி எழுத முற்பட்டான். அவள் வாய்ச்சொல் அப்படியே போகட்டும் என்று அமைச்சன் தடுத்துவிட்டான். கரையில் உள்ளவர்கள் கரையில் உள்ளவர்கள் போலத்தான் பேசுவார்கள், பொறுத்தருள்க.

தங்கள் மலையில் பிறந்த ஆறு எங்கள் துறையில் கடலைத் தொடுமிடம் ஒரு மாயக்காரி. ஆண்டுதோறும் ஆடி ஆவணி அலைகள் அடிமணலைப் புரட்டிப் போட்டுவிடும். போன ஆண்டு வள்ளம் போன வழியில் இந்த ஆண்டு முழங்கால் நீர் நிற்கும். அலை அடங்கியதும் ஆழங்கண்டார் குடியில் ஒருவர் படகேறி, அடியில் மெழுகு பூசிய ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டு, எத்தனை பாகம் ஆழம், அடியில் சேறா மணலா பாறையா என்று அந்த மெழுகில் ஒட்டியதைப் பார்த்துச் சொல்வார். அவர் சொல்லும் இடங்களில் கமுகமரக் கம்புகளை நடுவார்கள். அவையே கப்பல்களுக்கு வழி. பேராச்சி தன் பதினாறாம் வயதில் தந்தையிடமிருந்து அந்தக் கயிற்றை வாங்கியவள். முப்பது ஆண்டுகளாக அவள் சொன்ன ஆழத்தில் ஒரு சாண் பிசகியதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மன்னரையே ஒருமுறை, "அலைய மறிச்சு நிக்காதீங்க மகராசா, ஓரமா உக்காருங்க" என்று படகில் அதட்டியிருக்கிறாள்.

பறங்கியர் வந்து ஆற்றுமுகத்து மணல்திட்டில் கோட்டை கட்டியதும், தம் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல் கடலில் போகக் கூடாது என்றதும், மிளகை அவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றதும், மீறிய கப்பல்களைக் கொளுத்தி மாலுமிகளைச் சிறையிட்டதும் தாங்கள் அறிந்தவை. நம் வீட்டு முற்றத்தில் வந்து நின்றுகொண்டு நம்மையே யாரென்று கேட்ட கதை அது. இரண்டு மாசிகளுக்கு முன், சீட்டு வாங்க மறுத்து மிளகேற்றிப் போன கப்பல் ஒன்றை அவர்கள் துரத்தினார்கள். அது ஆற்றுமுகத்தில் நீருக்குள் மறைந்து கிடக்கும் கரும்பாறையில் மோதி எரிந்தது. அதைச் செலுத்தியவன் சேந்தன், பேராச்சியின் கணவன். அவன் தண்ணீரில் கை தூக்கியதைப் பறங்கியர் கப்பல் பார்த்தது. பார்த்துக்கொண்டே திரும்பிப் போனது. உடல் கிடைக்கவில்லை.

உடலைக் கடல் திருப்பித் தராவிட்டால், அவன் போன இடத்தில் மனைவி ஒரு கம்பு நடுவது கரையின் வழக்கம். அதற்கு ஆள்கம்பு என்று பெயர். அதன் தலையில் சிவப்புத் துணி கட்டுவார்கள். மனிதக் கை அதைப் பிடுங்கக் கூடாது. கடல் என்றைக்கு எடுத்துக்கொள்கிறதோ அன்றைக்குத்தான் துக்கம் தீரும். அதுவரை அந்த மனைவி மீன் தின்னமாட்டாள். மீனைத் தவிர வேறொன்றும் வாய்க்காத கரையில் அது எத்தகைய நோன்பு என்பதை மலையில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு ஆடி வந்து போயும் சேந்தனின் கம்பைக் கடல் எடுக்கவில்லை. "புருசன மாதிரியே கம்பும் பிடிவாதம்" என்று ஊர்ப்பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வெறும் புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடுவாள்.

இனித் தாங்கள் குற்றம் என்று சொல்வதற்கு வருவோம். ஐப்பசியில் நாம் இரு நாட்டாரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தாங்கள் கோட்டைக்கு மிளகை நிறுத்தினீர்கள்; நாங்கள் ஆற்றுமுகத்துக் கம்புகள் அனைத்தையும் பிடுங்க ஆணையிட்டோம். வழி தெரியாவிட்டால் அவர்களுடைய பெருங்கப்பல் உள்ளே வராது. வராவிட்டால் கோட்டைக்குச் சோறும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. பேராச்சியும் அவளுடைய கொழுந்தன் மாசிலானும் மூன்று நாளில் அத்தனை கம்புகளையும் பிடுங்கிக் கரையில் அடுக்கினார்கள். அமைச்சனே போய்ப் பார்வையிட்டான். மிச்சம் உண்டா என்று கேட்டதற்கு, "ஒரு துரும்பு இல்லீங்க ஐயா" என்றாள்.

அப்போது அவளுக்கு நேர் எதிரே, கரும்பாறையின்மேல், சிவப்புத் துணியோடு சேந்தனின் கம்பு நின்றுகொண்டிருந்தது. அவள் கண்ணில் அது படவில்லை. அவள் பொய் சொல்லவில்லை, வேந்தே. அதை ஒரு கம்பு என்று எண்ணும் பழக்கமே அவளுக்கு இல்லை. அது அவள் கணவன். மாசிலானுக்கும் தோன்றவில்லை. சாளரத்தைத் திறந்தால் நாள்தோறும் அதைக் காணும் இந்த அமைச்சனுக்கும் தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே மூன்று யானைகள் ஒரே இடத்தில் சறுக்கின.

அதன்பின் அந்த ஒரு மாதத்தில், கம்பே இல்லாத ஆற்றுமுகத்தின் வழியே, கோட்டைப் பீரங்கிக்கு எட்டாத வடகரையை ஒட்டி, நம்முடைய பதினொரு கப்பல்களை அவள் வெளியே கொண்டுவிட்டாள். ஒன்றிலும் பறங்கியர் சீட்டு இல்லை. பதினொன்றிலும் தங்கள் மிளகு.

கார்த்திகை ஒன்பதாம் நாள் காலை, வெயில் ஏறும் வேளையில், பறங்கியரின் பெருங்கப்பல் வந்தது. வழக்கமான கம்புகளைக் காணாமல் வெகுநேரம் வெளியே தயங்கி நின்றது. பிறகு முகத்தைத் திருப்பிக் கரும்பாறையை நோக்கிப் பாய் விரித்தது. பிடுங்கியவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள், அதுதான் வழி என்று நினைத்ததாகக் கப்பல் தலைவன் பின்னர் துபாசி மூலம் சொன்னான். நம் கரையில் தவழும் பிள்ளைக்கும் தெரியும், சிவப்புத் துணி கட்டிய கம்பைக் கண்டால் விலகிப் போக வேண்டும், அங்கே ஒருவன் செத்தான் என்று. அவர்கள் மூன்றாண்டு நம் தண்ணீரைக் குடித்தார்கள். அதில் யார் செத்தார், எங்கே செத்தார் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பேராச்சி அதைப் பார்த்தாள். பார்த்தவள் என்ன செய்தாள் தெரியுமா? மகிழவில்லை. முந்தானையை அவிழ்த்து வீசி, "அங்க போகாதடா! பாறைடா! போகாதடா பாவி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பகைவனுக்கா எச்சரிக்கை சொன்னாய் என்று அமைச்சன் விசாரணையில் கடிந்து கேட்டதற்கு, "வாய் தானாக் கத்திருச்சு ஐயா. முப்பது வருசமா அது ஒண்ணுதான அதுக்குத் தெரியும்" என்றாள். 

கப்பல் மோதியது. கம்பு முறிந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, தான் எதை விட்டுவைத்தோம் என்று. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பாறை மட்டும் அங்கே இல்லாதிருந்தால், தன் மறதியாலேயே கோட்டைக்குச் சோறு போயிருக்கும் என்று அஞ்சினாள். கூடவே, அவரைக் கொன்றவர்கள் அவர் கம்பிலேயே வந்து விழுந்தார்களே என்று வயிறு குளிர்ந்ததாகவும் மறைக்காமல் சொன்னாள். இரண்டும் உண்மை என்று அமைச்சன் நம்புகிறான்.

தண்ணீரில் தலைகள் தெரிந்தன. கைகள் உயர்ந்தன. கோட்டையிலிருந்து படகெடுக்க ஒருவனுக்கும் துணிவில்லை. வழி தெரிந்தால் அல்லவா? கரையில் திரண்டவர்கள் கைகட்டி நின்றார்கள். மாசிலான், "விடுங்க மதினி. அண்ணன் போன எடத்துலயே போறானுங்க. கடலே நியாயம் பேசுது" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை என்றுதான் அங்கே நின்ற பலரும் எண்ணினார்கள். தாங்கள் நின்றிருந்தாலும் அப்படியே எண்ணியிருப்பீர்கள்.

பேராச்சி எழுந்தாள். அவள் சொன்னதை அங்கே நின்ற பதினைந்து பேரிடம் தனித்தனியே கேட்டு, ஒத்துப்பார்த்து, அமைச்சன் எழுதுகிறான்: "அந்த மனுசன் தனியாக் கெடக்குற எடம்டா அது. இத்தன பேரு வந்து அங்க கெடந்தா அவரு எங்க போவாரு? செத்த பொறவும் இவனுங்களோட மல்லுக்கட்டணுமா? வள்ளத்தத் தள்ளுடா."

அறநூல் எதையும் அவள் எடுத்துக் காட்டவில்லை. இரக்கம் என்ற சொல்லும் அவள் வாயில் வரவில்லை. ஆறு வள்ளங்கள் போயின. முப்பத்தேழு பேரைத் தூக்கினார்கள். கடைசியாகக் கிடைத்தவன் கப்பல் தலைவன். முறிந்த ஆள்கம்பைக் கட்டிக்கொண்டு மிதந்தான். பேராச்சி முதலில் கம்பை அவன் பிடியிலிருந்து பிடுங்கி வள்ளத்தில் பத்திரமாகக் கிடத்தினாள். பிறகே அவன் தலைமயிரைப் பற்றி இழுத்துப் போட்டாள்.

இனி, வேந்தே, விளைந்ததைப் பாருங்கள். பறங்கியர் சிறையில் நம் மாலுமிகள் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் நால்வர் தங்கள் மலைக்குடிகள். பிணத்தைக் கொடுத்து மனிதரை மீட்ட அரசன் எங்கும் இல்லை; எங்களிடம் முப்பத்தேழு உயிர்கள் இருந்தன. பத்து நாள் பேச்சுக்குப் பின் இருபத்திரண்டு பேரும் கோட்டை வாசலில் இறங்கி நடந்து வந்தார்கள். தங்கள் குடிகள் நால்வரும் இவ்வோலையோடு வருகிறார்கள். பேராச்சி யார் என்று அவர்களையே கேட்டறிக.

சோறும் வெடிமருந்தும் ஏற்றிய கப்பல் உடைந்து போய்விட்டதால், கோட்டையில் அரிசி தீர்ந்தது. ஆள் மட்டும் முப்பத்தேழு கூடியது. மார்கழி இரண்டாம் நாள் கோட்டைத் தலைவன் தூது விட்டான்: பீரங்கிகளை அப்படியே விட்டு, தம்மிடம் எஞ்சிய சிறு கப்பலில் அனைவரும் ஏறிப் போய்விடுகிறார்கள், இந்தத் துறைக்கு இனிச் சீட்டுக் கேட்டு வருவதில்லை என்று எழுதிக் கொடுக்கிறார்கள், வெளியே போவதற்கு வழி மட்டும் காட்ட வேண்டும். மூன்றாண்டு நம்மைக் கடலுக்குப் போகச் சீட்டுக் கேட்டவர்கள், இன்று கடலுக்குப் போக நம்மைக் கேட்கிறார்கள். மன்னருக்கு அன்று ஒருநாள் பல்வலி தெரியவில்லை.

அந்த வழியை அறிந்தவள் இன்று உலகத்தில் ஒருத்தியே. கம்புகள் இல்லை, ஆழமெல்லாம் அவள் தலையிலும் அவள் கயிற்றிலும் இருக்கின்றன. அவளைத்தான் தாங்கள் விலங்கிட்டுக் கேட்கிறீர்கள்.

தங்கள் ஓலையை அவளுக்கும் வாசித்துக் காட்டினோம். குனிந்து கேட்டாள். அழுதாள். பிறகு, "மறந்தது நாந்தான். மலைராசா கேக்குறது சரிதான். வெலங்கு போட்டா கயிறு விடக் கை வராது ஐயா. இவனுங்கள வெளிய தள்ளிட்டு வர்றேன், அப்புறம் போட்டு அனுப்புங்க" என்றாள். ஆனால் அதற்கு முன்னே ஒன்று நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். சேந்தனின் கம்பை மறுபடி நட வேண்டும். அதற்குப் பின்புதான் பறங்கியர் கப்பலுக்கு முன்னால் தன் வள்ளம் போகும் என்கிறாள். அந்தப் பாறையைத் தாண்டி அவர்கள் போகும்போது அவர் அங்கே நிற்க வேண்டுமாம், அவர்கள் பார்க்க வேண்டுமாம்.

கடல்தான் எடுத்துவிட்டதே, துக்கம் தீர்ந்ததே என்று ஊரார் எவ்வளவோ சொன்னார்கள். நாத்தனார் வஞ்சிரம் பொரித்துத் தட்டோடு கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பேராச்சி தட்டைத் தள்ளிவிட்டாள். "அலை எடுத்திருந்தா எடுத்ததுதான். இது கப்பல் பலகை எடுத்தது" என்றாள். துறைப் பெரியவர்கள் மூன்று நாள் கூடிப் பேசி, அவள் சொல்வதே முறை என்று தீர்த்தார்கள்.

இங்கேதான் அமைச்சன் மிகுந்த பணிவோடு ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. முறிந்த கம்பை மறுபடி நட முடியாது; புதிய ஆள்கம்பைக் கண்ட மரத்திலும் வெட்டுவதில்லை. இறந்தவன் யாருடைய சரக்கை ஏற்றிப் போனானோ, அவருடைய நிலத்து மரமே ஆள்கம்பாகும். சரக்குக்குரியவரே அதை வெட்டி அனுப்ப வேண்டும். சேந்தன் போனது தங்கள் மிளகோடு. இரண்டு மாசிகளுக்கு முன் பன்னிரண்டு முழக் கமுகு ஒன்றும், அதன் தலையில் கட்டச் சிவப்புப் பட்டு ஒன்றும், 'எம் மிளகுக்காக உயிர் கொடுத்தவன் மனைவிக்கு' என்று எழுதிய ஓலையோடு தங்கள் ஆற்றில் மிதந்து வந்தன. அந்த ஓலை எங்கள் ஓலைக்கட்டுக்குள் இருக்கிறது; முத்திரை யானை முத்திரை. இரண்டகம் என்று தாங்கள் எழுதிய கம்பு, வேந்தே, தாங்கள் அனுப்பியது.

இதைக் குத்திக்காட்டுவதற்காக அமைச்சன் எழுதவில்லை. அவளும் மறந்தாள், அமைச்சனும் மறந்தான், தாங்களும் மறந்தீர்கள். விலங்கு என்றால் மூன்று வேண்டும்.

ஆகவே மன்னர் நெடுந்திரைக்கோவின் ஆணை இது. பேராச்சி விலங்கிடப்பட மாட்டாள். எந்த நாட்டுக்கும் அனுப்பப்பட மாட்டாள். நட்பு நாட்டு வேந்தருக்கு ஆணையிட எங்கள் மன்னருக்கு உரிமையில்லை. ஆதலால் வேண்டுகோளாகக் கேட்கிறார். தாங்கள் அடைத்த ஆற்றைத் திறந்து, பன்னிரண்டு முழத்தில் நேரான கமுகு ஒன்றை முதலில் மிதக்கவிடுங்கள். மிளகு அதன் பின்னால் வரட்டும். அந்தக் கமுகு எங்கள் துறையைத் தொடும் நாளில் அவள் அதை நடுவாள். நட்ட மறுநாள் பறங்கியர் வெளியேறுவர். அவர்களுடைய கோட்டையும், அதன் பசியும், அதன் பீரங்கிகளும் இன்று தங்கள் மலைச்சரிவில் நிற்கும் ஒரே ஒரு மரத்துக்காகக் காத்திருக்கின்றன.

மலையும் கடலும் உள்ளளவும் இவ்விரு நாடும் ஒரே ஆற்று நீரைக் குடித்து வாழ்க. மார்கழித் திங்கள் ஏழாம் நாள், நீர்வாயில் அரண்மனையில், மன்னர் திருமுன் வாசித்து, அவர் கையால் வெண்சங்க முத்திரை இட்டு அனுப்பப்பட்டது.

ஓலையின் புறத்தில் எழுதியது: பட்டு அனுப்ப வேண்டாம் என்று பேராச்சி சொல்லச் சொன்னாள். முன்பு தாங்கள் அனுப்பியது கிழியவில்லை. உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசி, மடித்து வைத்திருக்கிறாள்.